துடைப்பத்துக்குத் தீ வைத்த அணி

போர்ட்லண்ட், ஆரிகன் மாகாணம்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வத்தல், மல்லி, துவரம்பருப்பு ஆகியவற்றின் விலை நிலவரத்தை முதல் இரண்டு பக்கங்களில் விஸ்தாரமாக எழுதிவிட்டு, குடும்ப விஷயங்களை மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதும் தங்கள் சம்பிரதாயம் சற்றும் மாறாதிருப்பது கண்டு மனத்துக்கு ஆறுதலாயிருந்தது. அந்த ஓரத்தில் இரண்டு விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். சிவகாசியில் பிறந்தவன் அமெரிக்காவில் தீபாவளியை எப்படிக் கொண்டாடுகிறான் என்பது ஒன்று. மாவட்டக் கிரிக்கெட் அணித் தேர்வில் கழித்துவிடப்பட்டு, கடைக்கும் வராமல், மொட்டைமாடியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மைத்துனனுக்கு என்ன புத்தி சொல்வது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமானதுதான் என்றாலும், மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் படித்துவிடலாம்.

முதலில் தீபாவளி. 1923ஆம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பிய நாள்முதலாகத் தேசத்துக்கெல்லாம் நெருப்பு வழங்கிவருகிற ஊரில் பிறந்த என்னை, விதியானது, பட்டாசு கொளுத்தினாலே குற்றம் என்று எழுதிவைத்திருக்கிற ஒரு நகரத்தில் கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறது. ஆரிகன் சட்டப்படி, வெடிக்கிற வஸ்துவும், ஆகாயத்தில் ஓர் அடிக்குமேல் எழும்புகிற வஸ்துவும், தரையில் ஆறடிக்குமேல் ஓடுகிற வஸ்துவும் அனுமதி பெறாத சாமானியருக்கு ஆகாதவை. இந்த விதியை நம் சிவகாசி விலைப்பட்டியலின்மேல் வைத்துப் பாருங்கள்: ராக்கெட் போயிற்று, லட்சுமி வெடி போயிற்று, அணுகுண்டு போயிற்று, சங்குச்சக்கரத்தைச் சுற்றவிட்டால் அது எத்தனை அடி ஓடுகிறது என்று அளக்கப் பக்கத்தில் ஒருவர் டேப்புடன் நிற்கவேண்டும். மிஞ்சி நின்ற புஸ்வாண வர்க்கத்தையும் 2022ஆம் வருஷத்தில் போர்ட்லண்ட் நகரசபை தன் எல்லைக்குள் தடைசெய்துவிட்டது. வருஷத்தில் பெரும்பாகம் மழை தூறிக்கொண்டேயிருக்கும் ஊரில் நெருப்பைக் கண்டு ஏன் இத்தனை பயம் என்று கேட்பீர்கள். கோடை வந்ததும் அந்த மழை சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடுகிறது, காடுகள் பற்றிக்கொள்கின்றன. ஜூலை 4ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, அனுமதி பெற்ற நிபுணர்கள் வாணவேடிக்கை நடத்துவார்கள்; அதுவும் பெரும்பாலும் சீனத்துச் சரக்கு. 2018ஆம் வருஷத்து உச்ச நீதிமன்ற உத்தரவால் சரவெடிக்கு வந்த கஷ்டத்தைத் தாங்கள் வருந்தி எழுதியிருந்ததை இவ்வூர் நண்பர்களிடம் சொன்னேன். அனுதாபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அவர்களோ, "அப்படியானால் மற்றதையெல்லாம் கொளுத்தலாமா?" என்று பொறாமைப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட நகரத்தில்தான், ஏறக்குறைய ஐம்பது வருஷங்களுக்குமுன், ஒரு பேஸ்பால் வீரர் ஆயிரக்கணக்கான ஜனங்களின் முன்னிலையில் ஒரு துடைப்பத்துக்குத் தீ வைத்து, எரிய எரிய அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடினார் என்றும், அவரை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகாததோடு ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள் என்றும் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் சொன்னபோது, எனக்கு அந்த அணியின்மேல் காரணம் விளங்காத ஒரு பந்துபாசம் ஏற்பட்டுவிட்டது. அதன் பெயர் போர்ட்லண்ட் மாவரிக்ஸ். 1973இல் பிறந்து 1977இல் மறைந்தது. அந்த ஐந்து வருஷ சரித்திரம் கிரிக்கெட் வீரனைவிட வியாபாரிக்கே அதிகம் ரசிக்கும் என்று எனக்குத் தோன்றுவதால், அதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

பேஸ்பால் எப்படிப்பட்ட ஆட்டம் என்று தாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிரிக்கெட்டைப் பார்த்து, "சும்மா நிற்கிறவனுக்கெல்லாம் சம்பளமா?" என்று தாங்கள் கேட்பது வழக்கமல்லவா, அந்தக் கேள்வி இதற்கும் அப்படியே பொருந்தும். ஆட்டத்தைவிட அதை நடத்தும் முறைதான் நமக்கு முக்கியம். பெரிய நகரங்களின் பெரிய அணிகள் மேலே இருக்கின்றன. சிறிய நகரங்களில் ஆடும் மைனர் லீக் அணிகளோ, பெரிய கம்பெனியின் லேபிளை ஒட்டி அனுப்புவதற்காகவே குச்சி அடுக்கும் சின்னத் தீப்பெட்டி ஆலைகளைப்போல, அந்தப் பெரிய அணிகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுப்பதற்காகவே பெரும்பாலும் நடக்கின்றன. யார் ஆடுவது, யாரை எப்போது மேலே அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் மேலிடத்து உத்தரவு. உள்ளூரில் ஜெயிக்கிறார்களா, தோற்கிறார்களா என்பது மேலிடத்துக்கு ஒரு பொருட்டல்ல. இந்த அலட்சியத்தை ஜனங்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்கள் போலும். போர்ட்லண்டின் பழைய அணியான பீவர்ஸ், கூட்டம் குறைந்து, 1972ஆம் வருஷத்து ஆட்டங்கள் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்போகேன் நகருக்குப் போய்விட்டது. பேஸ்பாலுக்கு இவ்வூர் லாயக்கில்லை என்று பெரியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பணியாதவர் பிங் ரஸ்ஸல் என்ற நடிகர். கௌபாய்ப் படங்களில் சுடப்பட்டு விழுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவர். 'பானன்ஸா' என்ற தொலைக்காட்சித் தொடரில் உதவி ஷெரீப்பாக வந்து ஓரளவு பிரசித்தி பெற்றவர். இன்று ஹாலிவுட்டில் நட்சத்திரமாயிருக்கும் கர்ட் ரஸ்ஸலின் தகப்பனார் இவரே. மகனும் இந்த அணியில் ஆடியிருக்கிறார். பிங் ரஸ்ஸல் சிறுவயதில் ஃபுளோரிடாவில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பயிற்சி முகாமைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவர் ஆகையால், பேஸ்பால் அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. வடமேற்கு லீக் என்ற கீழ்நிலைப் போட்டியில் போர்ட்லண்டுக்கு ஓர் இடத்தை 500 டாலர் கட்டி வாங்கினார். எந்தப் பெரிய அணியுடனும் சேரமாட்டேன், ஆட்களை நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்று அறிவித்து, இஷ்டமுள்ளவர்கள் யாவரும் தேர்வுக்கு வரலாம் என்று பத்திரிகையில் விளம்பரமும் செய்தார்.

வந்தவர்களைச் சொல்லவேண்டும். மற்ற அணிகள் கழித்துவிட்டவர்கள், வயது போனவர்கள், உடம்பு பெருத்தவர்கள், வாய்த்துடுக்கினால் வேலை இழந்தவர்கள் என்று தேசத்தின் நாலா மூலைகளிலிருந்தும் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பந்து பிடிப்பவர் வலக்கையர் ஆகத்தான் இருக்கவேண்டும் என்பது இந்த ஆட்டத்தில் வேதவாக்கு. மாவரிக்ஸ் ஓர் இடக்கையரை அங்கே நிறுத்தினார்கள். நிர்வாகப் பொறுப்பை லானி மாஸ் என்ற இளம்பெண்ணிடம் கொடுத்தார்கள். அந்நாளில் தொழில்முறை பேஸ்பாலில் பெண்கள் அந்த நாற்காலியில் உட்காருவது மிக அபூர்வம். சம்பளம் மாதம் சுமார் 300 டாலர். பெரிய கம்பெனிகளின் பண ஆதரவு இல்லாமலே ரஸ்ஸல் அணியை நடத்தினார். ஆட்டத்தைப் பார்க்க வருகிறவன் கொடுக்கும் டிக்கெட் காசில்தான் ஆட்டம் நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இதன் நியாயத்தைத் தங்களைப்போன்ற விருதுநகரத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வியாபாரத்தில் மகமை பிரித்தும் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் நம்மவர்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதானே!

இந்த உதிரிப் பட்டாளம் தன் முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூடக் கிடைக்காதபடி பந்தெறிந்து வென்றது. ஒரு தொடரின் ஆட்டங்கள் அத்தனையையும் ஜெயித்தால் துடைப்பத்தை உயர்த்திக் காட்டுவது இத்தேசத்து வழக்கம். நம் வீட்டில் துடைப்பத்தை உயர்த்தினால் அதன் தாத்பரியம் வேறு என்பதைத் தாங்கள் அனுபவத்தில் அறிவீர்கள். மாவரிக்ஸில் ஆடிய ஜோ கார்சா என்பவர் அந்த வழக்கத்தோடு தீக்குச்சியையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த வீட்டுப் பெரியவர் இன்றும் கண்கள் பளபளக்க வர்ணிக்கும் காட்சி அதுவே.

ஜிம் பௌட்டன் என்பவரையும் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். யாங்கீஸ் அணியில் புகழுடன் பந்தெறிந்த இவர், வீரர்களின் அந்தரங்க லீலைகளையெல்லாம் 1970இல் 'பால் ஃபோர்' என்ற புஸ்தகமாக எழுதிப் பெரியவர்களின் கோபத்துக்கு ஆளாகி, ஆட்டத்தைவிட்டே விலகியிருந்தார். 1975இலும் 1977இலும் மாவரிக்ஸ் அவருக்குப் பந்தைக் கொடுத்தது. 1978இல், 39 வயதில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக அவர் மறுபடியும் பெரிய மேடையில் ஏறினார். போர்ட்லண்டில் அவரோடு உட்கார்ந்திருந்த ராப் நெல்சன் என்ற மற்றோர் எறிவீரருக்கு, ஆட்டக்காரர்கள் சதா புகையிலையை மென்று துப்புவது பிடிக்கவில்லை. சூயிங்கத்தைப் புகையிலைபோல் நறுக்கிப் பைக்குள் அடைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். இருவரும் சேர்ந்து அதைச் சரக்காக்க, 1980இல் ரிக்லி கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் கடைகளில் தொங்குகிறது. தங்கள் வெற்றிலைப் பெட்டியிலிருக்கும் புகையிலைக்கு மாற்றாக ஒரு பை அனுப்பலாமா என்று அத்தையிடம் தனியே விசாரித்துக்கொள்கிறேன்.

1977ஆம் வருஷத்தில் அணி 44 ஆட்டங்களில் வென்று 22இல் தோற்றது. சொந்த ஊரில் ஆடிய 33 ஆட்டங்களுக்கு 1,25,300 பேர் வந்தார்கள்; குறுகிய பருவ லீக்குகளில் அதுவரை அப்படிப்பட்ட கூட்டத்தை யாரும் கண்டதில்லை. இறுதிப் போட்டியிலோ, சியாட்டில் மரினர்ஸின் கிளையாகிய பெல்லிங்ஹாம் அணியிடம் தோற்றார்கள். கோப்பை கடைசிவரை கைக்கு வரவில்லை. ஆனால் கூட்டத்தின் செய்தி எட்டவேண்டிய காதுகளுக்கு எட்டிவிட்டது. லாயக்கில்லாத ஊர் திடீரென்று லாயக்குள்ள ஊர் ஆயிற்று. பீவர்ஸ் முன்பு ஆடிய பசிபிக் கரை லீக், "எங்கள் பழைய இடத்துக்கு நாங்கள் திரும்பி வருகிறோம், தாங்கள் காலி செய்யலாம்" என்றது. மேல்நிலை லீக் கீழ்நிலை அணியின் ஊரை எடுத்துக்கொள்ள அப்போது விதி இருந்தது. நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்பதும் அதே விதியில் இருந்தது. அவர்கள் 26,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். ரஸ்ஸல் 2,06,000 கேட்டார். சிரித்தார்கள். விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. கேட்ட தொகையை அப்படியே கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. 500 டாலர் முதலுக்கு 412 மடங்கு என்று தாங்கள் இந்நேரம் மனக்கணக்குப் போட்டு முடித்திருப்பீர்கள். ஐந்து வருஷச் செலவையும் கழித்துக்கொள்ளுங்கள். ரஸ்ஸல் 2003இல் காலமானார். அவருடைய பேரர்கள் இருவர் இந்தக் கதையை 2014இல் ஆவணப்படமாக எடுத்தார்கள்.

இவ்விடத்து வினோதம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். இதே தேசத்தின் உச்ச நீதிமன்றம் 1922இல், பேஸ்பால் மாகாணங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகம் ஆகாது, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தீண்டாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. டிக்கெட் விற்று, ஆளை விலைக்கு வாங்கி, ஊரையே கைமாற்றும் காரியம் வர்த்தகம் அல்லவாம்! இதைத் தங்கள் வியாபாரிகள் சங்கத்தில் படித்துக் காட்டினால் அன்று முழுவதும் சிரிப்புக்குப் பஞ்சமிராது.

நம் பக்கத்தில் இதற்கு ஜோடியாக ஒன்று நடந்ததை மைத்துனனுக்கு ஞாபகப்படுத்துங்கள். 2007இல், கிரிக்கெட் வாரியத்தைச் சாராமல், ஜீ தொலைக்காட்சியின் சுபாஷ் சந்திரா இந்தியன் கிரிக்கெட் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார், கபில்தேவ் முன்னின்றார். ஸ்டூவர்ட் லா தலைமையில், ஹேமங் பதானி முதலியோர் ஆடிய சென்னை சூப்பர் ஸ்டார்ஸ், சென்னையின் பெயரைச் சுமந்துகொண்டு ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ஆடி, அந்த டிசம்பரில் சண்டிகார் லயன்ஸை வென்று முதல் கோப்பையை எடுத்தது. மாவரிக்ஸுக்குக் கிடைக்காத கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது. மாவரிக்ஸுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாரியம் அவர்களைத் தள்ளிவைத்தது. அடுத்த வருஷமே ஐ.பி.எல்லைத் தொடங்கியது, 2009இல் இந்தியன் கிரிக்கெட் லீக் ஓய்ந்தபோது, உறவை முறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று அறிவித்தது. அங்கே ஆடிவிட்டு மன்னிப்புப் பெற்றுத் திரும்பியவர்களில் ஒருவரே, பிற்பாடு மஞ்சள் சட்டையில் தாங்கள் கைதட்டி ரசித்த அம்பட்டி ராயுடு.

இரண்டு தேசத்திலும் கழித்துவிடப்பட்டவர்கள் கூடி, ஜனங்களை வரவழைக்க முடியும் என்று நிரூபித்தார்கள். இரண்டு தேசத்திலும் பெரியவர்கள் அந்தக் கூட்டத்தைத் தங்கள் பக்கம் வாரிக்கொண்டார்கள். ஆனால் இங்கே பெரியவர் சின்னவருக்கு விலை கொடுத்தார். அங்கே சின்னவர் பெரியவரிடம் மன்னிப்பு வாங்கினார். இங்குள்ளவர்கள் நம்மவர்களைவிட உத்தமர்கள் என்பதல்ல காரணம். 26,000த்தோடு ஏமாற்றப் பார்த்தவர்களை உத்தமர் என்று எப்படிச் சொல்வது? விதிப் புஸ்தகத்தில் நஷ்டஈடு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தவர் ஒருவர் இருந்தார்.

ஆகவே மைத்துனனுக்கு என் யோசனை இது. மாவட்டத் தேர்வாளர்கள் கழித்ததைப் பற்றி அவன் வருந்த வேண்டாம். கழிக்கப்பட்டவர்கள் நம் ஜில்லாவில் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களைச் சேர்த்து ஓர் அணி அமைக்கட்டும். அதற்குமுன் தாங்கள் அவனை ஆறு மாதம் கடையில் உட்காரவைத்து, கொள்முதல் ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்பதைக் கற்றுக்கொடுங்கள். ஆடத் தெரிந்தவனுக்கு நம் தேசத்தில் குறைவில்லை. எழுதிவைத்துக்கொண்டு ஆடுகிறவன்தான் அபூர்வம்.

அத்தைக்கு என் வணக்கம். இவ்விடம் வருகிறவர் எவரேனும் இருந்தால் சிவகாசித் தினசரிக் காலண்டர் ஒன்று கொடுத்தனுப்பவும். பட்டாசு வேண்டாம், காரணம் மேலே எழுதியிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் மல்லி விலையை எழுத மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்.