செம்மேட்டு மெயிலண்ணன்

எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் ஒரு மெயிலண்ணன் உண்டு. கொல்லிமலைக்காரர் செம்மேட்டில் உட்கார்ந்திருப்பார். சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று எதற்குப் போனாலும் முதல் கேள்வி, "மெயில் ஐடி இருக்குதா?" இல்லையென்றால் அங்கேயே ஒன்று பிறந்துவிடும். பெற்றவர் என்கிற முறையில், அதற்கு வருகிற கடிதங்களுக்கும் அவர்தான் பொறுப்பு.

வெறுமனே படிக்க மாட்டார், நாடி பிடிப்பார்.

மிளகுக்காரர் ஒருவருக்கு, 24 மணி நேரத்தில் வங்கிக் கணக்கு முடங்கும் என்று மெயில். "'அன்பார்ந்த வாடிக்கையாளரே'ன்னு போட்டிருக்கான். கடன் கேட்டப்போ உங்க தாத்தா பேரு வரைக்கும் விசாரிச்சாங்களே, இப்ப உங்க பேரே மறந்துபோச்சாமா? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்க நாம. நமக்கு இல்லாத அவசரம் இவனுக்கு எதுக்குங்க?"

அடுத்து அனுப்பியவர் முகவரி. பெயர் வங்கியுடையதுதான், முகவரியில் ஆங்கில 'எல்' நிற்க வேண்டிய இடத்தில் 1 நிற்கும். மவுஸை லிங்க் மேல் வைப்பார், அழுத்த மாட்டார். அது போய்ச் சேருகிற இடம் திரையின் அடியில் தெரியும். வந்தவர் அதைக் குனிந்து பார்க்கும்வரை விடமாட்டார்.

தங்கும் விடுதி நடத்தும் தம்பிக்கு, விருந்தினர் புகார் என்று ஓர் இணைப்பு. "இருக்கிறது ரெண்டு ரூம். போன வாரம் ரெண்டும் காலி. புகார் யாருடா கொடுத்தது, ஆவியா?" விமான நிலைய வேலைக்கு 2,500 ரூபாய் முன்பணம் கேட்கும் கடிதத்துக்கு ஒரே வரி: "சம்பளம் தர்றவன் எதுக்குடா காசு கேக்குறான்?"

வாரிசில்லாத கோடீஸ்வரரின் சொத்து மெயில் வந்துவிட்டால் அவருக்குத் திருவிழா. நைஜீரியச் சட்டத்தில் அந்த மோசடிக்குப் பிரிவு 419. நம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 420. "ஒரு நம்பர்தான் வித்தியாசம், பங்காளிங்க!" 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அதை 318 ஆக்கியதை மட்டும் அவர் இன்னும் ஏற்கவில்லை. "318ன்னு திட்டினா எவனுக்கு உறைக்கும்?"

ஏமாந்தவரிடம் கொல்லிப்பாவையைக் கூப்பிடுவார். "சிரிச்சுக் கூப்பிட்டு ஆளை முடிக்கிற பாவை நின்ன மலை இது. இங்க பொறந்துட்டு, இளிச்சுக்கிட்டு வர்ற மெயிலை நம்பலாமா?" ஆனால் இதெல்லாம் பிறகுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் பேச்சு நிற்கும். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஆளை இழுத்துக்கொண்டு ஓடுவார். திருடன் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்குள் பணத்தை முடக்கினால்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அவர் ஓடுவதை ஊர் பார்ப்பது அப்போது மட்டும்தான்.

வம்பு வேறு பக்கமிருந்து வந்தது. போலித் தளங்களைப் பிரித்துக் காட்ட, வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. வங்கியிலிருந்து அசல் மெயிலே வந்தது. அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பேரையே மாத்திக்கிட்டு வர்றான் பாரு!" ஊரார் அத்தனை பேர் மெயிலிலிருந்தும் அன்றிரவே அதை அழித்தார். பிறகு வங்கி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதையும் நேரில் போய் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அத்தனை பேர் மெயிலுக்குள்ளும் எப்படிப் போனார் என்று கேட்காதீர்கள். கல்லாப்பெட்டிக்கு அடியில் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஊரார் பாஸ்வேர்டெல்லாம் வரிசையாக.

"இதை எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்.

"போகட்டும் தம்பி. என் கையெழுத்தை எனக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது."