எனக்குக் காது அரிச்சா நீ ஏம்லே சொறியுதே?

ஏலே பேராண்டி, கொஞ்சம் நில்லு. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் காலு மேல காலு போட்டா நீயும் போடுதே. நான் தாடியத் தடவுனா, ஒனக்குத் தாடியே இல்ல, வெறும் நாடியத் தடவுதே. பயலுக்கு என்னமோ ஆயிட்டுன்னு சோதிக்கத்தான் வேணும்னே காதச் சொறிஞ்சேன். கைய எடுக்கதுக்குள்ள நீயும் சொறிஞ்சே. அடுக்களையிலேர்ந்து பாத்த ஒங்க ஆச்சி, ரெண்டு பேருக்கும் பேனு விழுந்துட்டுன்னு சீப்பத் தேடிக்கிட்டிருக்கா.

அப்புறந்தான் திண்ணையில நீ போட்டுட்டுப் போன நோட்ட எடுத்து வாசிச்சேன். கோவிக்காத. எனக்கு வேற என்ன சோலி இருக்கு? சேல்ஸ் வேலைக்கு டிரெய்னிங்னு துட்டுக் கட்டிப் போனியே, அங்க சொல்லிக் குடுத்திருக்கான். எதுத்தாப்புல இருக்கவன் உக்காருத மாதிரி உக்காரு, அவன் சொன்ன வார்த்தையவே திருப்பிச் சொல்லு, கண்ண எடுக்காமப் பேசு, அவன் ஒன் கைக்குள்ள வந்துருவான்னு.

முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். 1999-ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல சார்ட்ராண்டுன்னு ஒரு அம்மாவும் பார்குன்னு ஒருத்தரும் செஞ்ச சோதனைய நீயே எழுதி வச்சிருக்கே. ஒரு ஆள உக்கார வச்சு போட்டோவப் பாத்து வெவரம் சொல்லச் சொல்லுதாவ. கூட இன்னொருத்தன், அவன் இவங்க ஏற்பாடு பண்ணி வச்ச ஆளு. அவன் மூஞ்சியத் தடவுனா இவனும் தடவுதான். அவன் காலை ஆட்டுனா இவனும் ஆட்டுதான். பொறவு கேட்டா, ‘நானா? எப்ப?’ங்கான். அதே ஏற்பாட்டு ஆளு இவன மாதிரி உக்காந்து காட்டுனா, இவனுக்கு அவனப் புடிச்சுப் போவுது. இதுக்குப் பச்சோந்தி விளைவுன்னு பேராம்.

நீ அடிக்கோடு போட்டிருக்கது அந்தப் ‘புடிச்சுப் போவுது’க்கு. ‘நானா? எப்ப?’க்குக் கோட்டையே காணும். சரக்கு அங்கதாம்லே கெடக்கு. ஏற்பாட்டு ஆளு வேணும்னுதானே செஞ்சான்னு கேப்பே. செஞ்சான், எதுத்தவனுக்குத் தெரியாம பைய செஞ்சான். நீ செய்யுதது கண்ணாடி முன்னால குரங்கக் கொண்டு நிறுத்துன மாதிரில்லா இருக்கு!

ஹாலந்து கதையும் வாசிச்சேன். ஓட்டல்ல சப்ளை பண்ணுத பொம்பளைப்பிள்ள, வந்தவன் கேட்டதக் கேட்ட வாக்குலயே திருப்பிச் சொன்னா டிப்ஸ் கூட விழுதாம். 2003-ல கண்டுபுடிச்சிருக்காவ. இதுக்கு ஹாலந்துக்கா போவணும்? நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல ‘ரெண்டு இட்லி ஒரு வடை’ன்னா, சப்ளையரு உள்ள பாத்து ‘ரெண்டு இட்லி ஒரு வடே’ன்னு குரல் குடுப்பாரு. அவரு சொல்லுதது மாஸ்டருக்கு. ஆனாலும் இலை வாரதுக்கு முன்னாலயே நமக்குப் பாதி வயிறு நெறைஞ்சிரும்.

நெசமாவே படிக்கணும்னா கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேக்கப் போ. எல்லாரும் வீசுகோல் புடிச்ச புலவரப் பாப்பாவ. நீ குடத்துக்காரன் பக்கமா உக்காரு. ‘சாமி கோட்டைக்குள்ள போனாரு’ம்பாரு புலவரு. ‘போனாரு’ம்பான் குடத்துக்காரன். ‘போனவரு சும்மா வந்தாரா?’ ‘வந்தாரா?’ முழு வரியையும் சொல்ல மாட்டான், வால மட்டும் புடிப்பான். அதையும் குரலக் கொஞ்சம் தணிச்சுத்தான் சொல்லுவான். எடையில ஒரு ‘ஆமா’, ஒரு ‘அடடா’. அவன் கை குடத்துல, கண்ணு புலவரு வாயில. அவரு மூச்சு வாங்குத எடம் பாத்து பத்தியால குடத்துல ஒரு தட்டு. நடுச்சாமத்துல பாதிக் கூட்டம் சரிஞ்சு கெடந்தாலும் அந்த ‘ஆமா’ நிக்கக் கூடாது. நின்னா புலவருக்குப் பாட்டு தடுமாறும். நம்ம ஜில்லாக்காரரு, வில்லுப்பாட்டுப் புலவரு சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-ல பத்மஸ்ரீ அறிவிச்சப்ப சந்தோசந்தான். ஆமா போடுதவனுக்கு எப்ப குடுப்பாவளோ!

அந்தக் குடத்துக்காரன் ‘இப்ப திருப்பிச் சொல்லணும்’னு யோசிச்சா சொல்லுதான்? யோசிக்க எங்க நேரம் இருக்கு? ஒருத்தன் கேள்வி கேட்டு முடிக்கதுக்கும் அடுத்தவன் பதில் தொடங்கதுக்கும் நடுவுல சராசரி ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்குதான் இடைவெளியாம். பத்து மொழியில அளந்து 2009-ல சொல்லியிருக்காவ. அதுக்குள்ள ‘அவன் எந்தக் கைய மடக்குனான், வலதா இடதா’ன்னு நீ பாத்துக்கிட்டிருந்தா, அவன் சொன்ன வெலை ஒங்காதுல எப்படிலே விழும்?

கண்ணு விசயத்துல ஒன் வாத்தியாரு சுத்தமாக் கோட்ட விட்டுட்டாரு. கெண்டன்னு ஒருத்தரு 1967-லயே எழுதி வச்சிட்டாரு. பேசுதவன் பேச்ச எடுக்கும்போது கண்ண அங்கிட்டு விலக்குவான். முடிக்கப் போவும்போதுதான், இனி நீ பேசுன்னு நிமிந்து பாப்பான். கூட நேரம் பாக்கது கேக்கவனோட வேல. நீ பேசிக்கிட்டே முழிச்சுப் பாக்குதே. நேத்து பால்காரர்கிட்ட கண்ண எடுக்காம நின்னியே, தண்ணி ஊத்துனத கண்டுட்டான்னு பயந்து அந்த மனுசன் ஒரு ஆழாக்கு கூட ஊத்திட்டுப் போயிட்டாரு. அது நமக்கு லாபந்தான், அத நான் மறுக்கல.

மாட்டுச் சந்தையில தரகன்வ துண்டுக்கு அடியில வெரலப் புடிச்சு வெலை பேசுவானுவ, பாத்திருக்கியா? ஒருத்தன் மாட்டு வாலப் பாப்பான், மத்தவன் டீக்கடையப் பாப்பான். ஒருத்தன் மூஞ்சியில உள்ளது அடுத்தவன் மூஞ்சிக்குத் தாவிரும்னு அவனுவளுக்குத் தெரியும். தாவுனா சுத்தி நிக்கவன் வெலையப் படிச்சிருவான். ஒன் நோட்டு ஒட்டிக்கச் சொல்லுது, அத வெட்டி விடத்தான் அவனுவ படிச்சிருக்கானுவ.

இன்னொண்ணு. எல்லாரையும் பாத்துச் செய்யாத. 2011-ல அமெரிக்காவுல ஒரு சோதனை. இண்டர்வியூ எடுக்கவன் சிடுமூஞ்சியா மதிக்காமப் பேசுதான். வந்தவன் அவன மாதிரியே அசைஞ்சான். அத எடுத்த வீடியோவப் பாத்தவங்க, வந்தவனத்தான் வெவரம் பத்தாதவன்னுட்டாவ. ஒன் மேனேஜரும் அப்படிச் சிடுமூஞ்சின்னு நீ சொன்னதுலேர்ந்து இதச் சொல்லணும்னே இருந்தேன்.

வார ஞாயித்துக்கெழம அம்பாசமுத்திரத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோம்லா, அங்க சூதானமா இரி. பொண்ணுக்கு அப்பா முட்டுவலிக்காரரு, பேசும்போது முட்டத் தடவிக்கிட்டே இருப்பாரு. நீயும் தடவுனே, மாப்பிள்ளைக்கு இப்பவே வாதம்னு சம்பந்தம் தட்டிப் போயிரும். அவரு மச்சினரு வெத்திலை போட்டுச் செம்புல துப்புவாரு, அதையும் நீ பாத்துச் செஞ்சு வைக்காத. பொண்ணும் ஏதோ ஆபீசுல இதே டிரெய்னிங் படிச்சிருக்காம், தரகரு சொன்னாரு. மொதல்ல யாரு கைய நீட்டுவாவன்னு நீ அவளப் பாத்து, அவ ஒன்னப் பாத்து, ரெண்டு பேரும் அசையாம உக்காந்திருந்தா பஜ்ஜி ஆறிப் போவும். நான் எடுத்துத் தின்னுருவேன், ஆமா.