பொய் சொன்னால்தான் வெளிச்சம்

விமானப் படம் போட்ட பட்டன் மட்டும் எந்த லேப்டாப்பிலும் நம்மைக் கைவிடுவதில்லை. லினக்ஸ் நிறுவி வால்பேப்பர்கூட மாற்றியிருக்க மாட்டோம். சத்தத்தைக் கூட்டப் போன விரல் தவறி விமானத்தின் மேல் விழும், வைஃபை அடங்கிவிடும். எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் பறந்துகொண்டுதான் இருக்கிறோம். அதே வரிசையில் இருக்கும் சூரியப் பட்டனை விரல் நோக அமுக்கினாலும் திரை அப்படியே கண்ணைக் குத்தும்.

சூரியனை அமுக்கினால் வெளிச்சம் கூடும் என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். பல லேப்டாப்களில் அந்தப் பட்டனுக்கும் திரை விளக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமுக்கினால் ஒரு எண் கிளம்பும். அது கீபோர்டு வழியாக வரலாம், ஏசிபிஐ வழியாக வரலாம், பெயரிலேயே விண்டோஸை வைத்திருக்கிற டபிள்யூஎம்ஐ என்ற பின்வாசல் வழியாகவும் வரலாம். வந்த எண் லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தெரிந்ததாக இருந்தால் நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால், தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி, ‘அடையாளம் தெரியாத பட்டன் அமுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, வேண்டுமானால் செட்கீகோட்ஸ் என்ற கட்டளை போட்டு அறிமுகப்படுத்துங்கள் என்று வழியும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

ஏசிபிஐ என்பது ஹார்டுவேரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பேசிக்கொள்வதற்கான ஒப்பந்தம். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்டது. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் இதைப் பற்றி எழுதிய ஒரு மின்னஞ்சல், பிற்பாடு ஓர் அமெரிக்க வழக்கில் சாட்சியமாக வெளியே வந்தது. நாம் பாடுபட்டுச் செய்ததில் ஒரு வேலையும் செய்யாத லினக்ஸ் ஜோராக ஓடினால் எப்படி, இதை விண்டோஸுக்கு மட்டும் என்று ஆக்க வழி இல்லையா என்று அதில் கவலைப்பட்டிருந்தார். என் லேப்டாப்பை ஒருமுறை அவரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வேடிக்கையே இனிமேல்தான். லேப்டாப் கிளம்பும்போது பயாஸுக்குள் இருக்கும் நிரல், ‘நீ யார், விண்டோஸா?’ என்று விசாரிக்கும். லினக்ஸ் கூசாமல் ‘ஆமாம்’ என்னும். விண்டோஸ் எக்ஸ்பியா, ஆமாம். ஏழா, ஆமாம். எட்டா, அதுவும் நான்தான். ‘அப்படியானால் லினக்ஸா?’ என்று கேட்டால் மட்டும், ‘சேச்சே!’ 2007-ல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம். ஊரெல்லாம் வெளிப்படைத்தன்மை பேசும் லினக்ஸ் இப்படிப் புளுகுவதில் நியாயம் இருக்கிறது. லேப்டாப் செய்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸை ஓட்டிப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். லினக்ஸ் என்று உண்மையைச் சொன்னால், யாரும் சோதிக்காத சந்துக்குள் பயாஸ் நம்மைக் கூட்டிப்போய் விட்டுவிடும்.

பொய் என்றால் சங்கடமும் வரும். விண்டோஸ் எட்டு என்று நம்பிய பயாஸ்களில் சில, ‘அப்படியா, வெளிச்சத்தை நீயே பார்த்துக்கொள்வாய்’ என்று ஒதுங்கிவிட்டன. சூரியன் செத்தது. பரிகாரமாக கர்னலைக் கிளப்பும் வரியில், ‘நான் விண்டோஸ்தான், ஆனால் எட்டு இல்லை’ என்று சேர்க்கச் சொன்னார்கள். கல்யாணத் தரகரிடம் வயதைக் குறைத்துச் சொல்கிற அதே சமாசாரம். என் லேப்டாப்பில் பலித்தும் விட்டது.

அதற்கு முன்னால் நான் பட்டனையே நம்பவில்லை. லினக்ஸில் வெளிச்சம் ஒரு கோப்பு. பேக்லைட் என்ற ஃபோல்டருக்குள் பிரைட்னஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் எண்ணை எழுதினால் திரை கேட்கும். எழுதும் உரிமை மட்டும் ரூட் என்ற நிர்வாகிக்கு.

“ஏங்க, கண்ணு கூசுது. அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க.”

“இரு, பாஸ்வேர்டு போடறேன்.”

“லைட்டைக் குறைக்கவா பாஸ்வேர்டு?”

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பூஜ்யம் எழுதினால் சில லேப்டாப்களில் விளக்கு மொத்தமாக அணைந்துவிடும், பிறகு இருட்டில் தட்டச்சு செய்துதான் விடியலைக் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. பேட்டரி எண்பது சதவீதத்தில் நிற்பதும் இப்படி ஒரு கோப்பில் எழுதியதால்தான். அதை அவள் சார்ஜர் பழுது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்; நானும் திருத்தவில்லை.

மைக்கை அடக்கும் பட்டனின் கதைதான் எனக்குப் பிடித்தது. கர்னல் அதற்குக் கொடுத்த எண் 248. திரையில் ஜன்னல்களை வரையும், 1987-ல் பிறந்த எக்ஸ்11 எந்த எண்ணோடும் எட்டைக் கூட்டிக்கொள்ளும். கூட்டினால் 256. எக்ஸ்11 வாங்கிக்கொள்ளும் உச்ச எண் 255. ஒன்றே ஒன்று அதிகம்! ஒரு மார்க்கில் ஃபெயிலான அந்தப் பட்டனுக்கு எஃப்20 என்று மாற்றுப்பெயர் சூட்டி உள்ளே அனுப்பினார்கள். எஃப்12-க்கு மேல் பட்டனே இல்லாத கீபோர்டில் எஃப்20 நடமாடுவது இப்படித்தான்.

இப்போது எஃப்23-ம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுப் பட்டன், அமுக்கினால் விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் சேர்த்து அனுப்புகிறது. மச்சினன் அது வைத்த லேப்டாப்பை வாங்கி வந்து, “மாமா, லினக்ஸ் போட்டுக் கொடுங்க” என்றான். போட்டேன். செயற்கை நுண்ணறிவு போய்விட்டது, பட்டன் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பானேன் என்று அந்த மூன்றையும் கால்குலேட்டருக்குக் கட்டிவிட்டேன். மளிகைக் கடை வைத்திருப்பவன் அவன். “இதுக்குத்தான் மாமா இவ்வளவு காசு” என்று எல்லோரிடமும் அமுக்கிக் காட்டுகிறான்.