வாடகை வீட்டு விஞ்ஞானிகள்

பென்னாகரம் டீக்கடையில் கிளாஸ் காலியாவதற்குள் எந்தக் கருவுக்கும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வயிறு கூம்பி முன்னால் தள்ளியிருந்தால் பையன். பக்கவாட்டில் பரந்திருந்தால் பொண்ணு. மாங்காய் கேட்டால் ஒன்று, மைசூர்பாகு கேட்டால் இன்னொன்று. இங்கிலீஷ் மருந்து படித்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டித் துடித்தால் பொண்ணுதான் என்று எண்ணோடு வருவார்கள். "எங்க அத்தை சொன்னா ஒண்ணுகூடத் தப்பாதுணா" என்று ஒருவர் சத்தியம் செய்வார். இரண்டே விடை உள்ள கேள்வி. அத்தை தூக்கத்தில் உளறினாலும் பாதி சரியாக வரும். பலித்ததை ஊருக்கே சொல்வார்கள், பலிக்காததை அத்தையே மறந்துவிடுவார்.

இதற்காக யாரும் கோபப்படப் போவதில்லை. குங்குமப்பூ போட்ட பாலைக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்புகிறவருக்கு நஷ்டம் பணத்தோடு முடிகிறது. லாபம் குங்குமப்பூ வியாபாரிக்கு.

ஆனால் இதே கூட்டம், காரியம் என்று வந்துவிட்டால் அத்தையை நம்புவதில்லை. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. முதல் பிள்ளை பெண், இரண்டாவதும் பெண்ணாகிவிடுமோ என்று பயம் வந்தவுடன் மாங்காய் சாஸ்திரம் மூட்டைகட்டி வைக்கப்படுகிறது. புரோக்கருக்குப் போன் போகிறது. தர்மபுரி மாவட்டத்தில் 2022-லும் அதற்குப் பிறகும் அடுத்தடுத்துப் பிடிபட்ட கும்பல்களின் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கைப்பைக்குள் அடங்கும் ஸ்கேன் மெஷின், ஒதுக்குப்புறத்தில் ஒரு வாடகை வீடு, கர்ப்பிணிகளைத் திரட்டி வண்டியில் ஏற்றிவர ஆட்கள். டாக்டர் பட்டம் இல்லாதவரும் மெஷினைப் பிடித்துப் படம் பார்த்துச் சொல்வார். அறிவியல்மேல் இத்தனை பக்தியை வேறெங்கும் காண முடியாது.

அந்த மெஷினுக்கு ஒரு வரலாறு உண்டு. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒலியலைக் கருவியைப் பெண்களின் வயிற்றுக் கட்டிகளைப் பார்க்கத் திருப்பினார். 1958-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வந்த கருவி அது. நம் ஊர் வாடகை வீட்டில் அது பழைய வேலைக்கே திரும்பிவிட்டது, விரிசல் தேடுகிறது. விரிசலுக்கு இங்கே பெயர் பெண்.

இத்தனை நவீனமானவர்கள் 1905-ஐ மட்டும் இன்னும் தாண்டவில்லை. அந்த ஆண்டு நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், மாவுப்புழுக்களின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோம் என்று கண்டுபிடித்தார். மனிதரிலும் அதுவே. தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டும். எக்ஸா ஒய்யா என்பது தகப்பன் பக்கத்துச் சங்கதி. பத்தாம் வகுப்பில் இதை எழுதி மார்க் வாங்கியவர்தான், வீட்டுக்கு வந்ததும் "மூணும் பொட்டையாப் பெத்துப்போட்டா" என்கிறார். மகனின் அணுவில் ஒய் வரவில்லை என்பதற்காக மருமகள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். ஒய் வராத அதே மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் சிலர், "காரணம் ஆண்தான், தெரியுமா?" என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுவும் கசக்கிறது. பழியை மருமகள் தலையிலிருந்து எடுத்து மகன் தலையில் வைத்தால் ஆயிற்றா? பெண் பிறந்தால் அது பழி என்பதை முதலில் ஒப்புக்கொண்டவர்தானே, யார்மேல் போடலாம் என்று ஆள் தேடுவார்?

அறியாமை என்று சொல்லி இவர்களைத் தப்பிக்க விடவும் முடியாது. மெஷின் எப்படி வேலை செய்கிறது, எத்தனையாவது வாரத்தில் தெரியும், அதற்குப் பிறகு எங்கே போகவேண்டும், எல்லாம் அத்துபடி. வேண்டாதது மட்டும்தான் தெரியாது.

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1994-இல் எழுதி 1996-இல் அமலுக்கு வந்தது. பார்த்துச் சொன்ன டாக்டர் முதல்முறை மாட்டினால் மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தை ஒரு காலைப்பொழுதின் வசூலில் கட்டிவிடலாம். சென்னையின் பிரபல யூடியூபர் ஒருவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. துபாய்க்குப் போய் ஸ்கேன் எடுத்தார், திரும்பிவந்து விழா வைத்து, என்ன குழந்தை என்பதை 2024 மே மாதம் வீடியோவாகவே வெளியிட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டார், வீடியோவை நீக்கினார், கதை முடிந்தது. தர்மபுரிக்காரன் செய்தால் கும்பல், விமானம் ஏறிச் செய்தால் கன்டென்ட்.

கணக்கைப் பார்ப்போம். இயற்கையின் போக்கில் விட்டால் ஆயிரம் ஆணுக்கு ஏறத்தாழ 950 பெண் பிறக்கும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் பையனுக்கு இருந்த பெண்கள் 826. சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தது அந்த 2001-இல்தான். வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள் என்று ஓர் அரசாங்கம் தன் குடிமக்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. 2011-இல் எண் 900-ஐத் தாண்டியது, மறுக்கவில்லை. அதைச் சொல்லி மாலை போட்டுக்கொண்டவர்கள், அதற்குப் பிறகும் மெஷினோடு ஆட்கள் பிடிபடுவது எப்படி என்றும் சொல்லியிருக்கலாம்.

அந்த 2001-இன் ஆயிரம் பையன்களுக்கு இப்போது என்ன வயது? கல்யாண வயது. அவர்களைப் பெற்றவர்கள் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு நல்லம்பள்ளிக்கும் அரூருக்கும் அலைகிறார்கள், வெளி மாவட்டத்தில் விசாரிக்கிறார்கள், ராகு கேதுவுக்குப் பரிகாரம் செய்கிறார்கள். "காலம் கெட்டுப்போச்சுங்க, பொண்ணே கிடைக்கல" என்று தரகரிடம் அழுகிறார்கள். எங்கே போயிற்று என்று தரகரும் கேட்பதில்லை, அவருக்கும் தெரியும். அபூர்வமாக ஒரு வரன் அமைந்து, பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கியதும் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை பவுன் போடுவீங்க?"