இந்த வாரம் யார் முறை?

திங்கட்கிழமை காலை பெங்களூர் பெல்லந்தூர் நெரிசலில் நிற்கும் கேப்பில் எல்லோரும் தூங்க, ஒருவர் மட்டும் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் கைவைத்திருந்தால், அவருக்கு இந்த வாரம் பக் ட்ரையாஜ் ட்யூட்டி என்று அறிக.

மென்பொருளில் கோளாறு என்று யார் எழுதிப் போட்டாலும் அது ஒரு டிக்கெட். நாம் தூங்கும்போது அமெரிக்காவில் விழித்திருப்பவர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் காலையில் ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். இது நிஜக் கோளாறுதானா, எவ்வளவு அவசரம், யார் தலையில் கட்டுவது என்று பிரித்துவிட வேண்டும். திருத்துவது அவர் வேலையில்லை. இன்னும் ஏன் திருத்தவில்லை என்று திட்டு வாங்குவதுதான் வேலை. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.

சாம்பிளுக்கு ஒன்று. தலைப்பு: "வேலை செய்யவில்லை". விவரம்: "தலைப்பைப் பார்க்கவும்". கூடவே ஒரு படம். ஸ்க்ரீன்ஷாட் இல்லை, மானிட்டரையே போனில் பிடித்த போட்டோ. பிழைச் செய்தி இருக்கவேண்டிய இடத்தில் ட்யூப்லைட் பளீரென்று விழுந்திருக்கிறது. மிச்ச இடத்தில் எடுத்தவரின் சட்டை தெரிகிறது, கட்டம் போட்டது.

"எந்தப் பக்கத்துல வருது சார்?"

"எல்லாப் பக்கத்துலயும்."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

இதைத் தூக்கிக்கொண்டு டெவலப்பரிடம் போனால், "என் மெஷின்ல ஓடுதே, ப்ரோ" என்பார். அவர் மெஷினில் எல்லாமே ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு சில்க் போர்டு ஜங்ஷன்கூட ஓடும்.

சேதம் வேறு, அவசரம் வேறு என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு பழைய பக்கம் மொத்தமாகப் படுத்துவிட்டால் சேதம் பெரிது, அவசரம் கிடையாது. முகப்பில் கம்பெனி பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் சேதம் ஒன்றுமேயில்லை; ஆனால் பெரியவர் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்காது. எழுதிப் போடுகிறவர்களுக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. எல்லாமே பி-ஒன், அதாவது உச்ச அவசரம். அதை பி-டூவுக்கு இறக்குவது கல்யாணத்தில் சீர் பேசுகிற மாதிரி. ஒரேயடியாக இறக்கினால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் டீமில் ஹாசன்காரர் ஒருவர் இருக்கிறார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் இழுப்பார். டெக்சஸில் இருக்கிற கிளையன்ட் அர்த்தம் புரியாமலே இறங்கிவருவார். நான் மூன்று பத்தி இங்கிலீஷில் எழுதியும் நடக்காத காரியம் அது.

இப்படித் தள்ளிப்போடுவதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். உபுண்டு லினக்ஸில் முதல் நம்பர் பக் எது தெரியுமா? சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது என்பதுதான். உபுண்டுவை ஆரம்பித்த மார்க் ஷட்டில்வொர்த்தே அதை 2004இல் பதிவு செய்தார். 2013இல் அவரே மூடினார். நடுவில் உபுண்டு ஜெயித்துவிடவில்லை. ஜனங்கள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 2005இல் பதிவான ஒரு பக் வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்ததில், வருகிறவர்கள் போகிறவர்கள் அதற்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜர் கேள்வி கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டையும்தான் எடுத்துவிடுவேன்.

டிக்கெட்டையாவது சமாளித்துவிடலாம். முறைப் பட்டியல் போடுவதுதான் பெரும்பாடு. பெங்களூரில் டீம் என்றால் அது பஞ்சாங்கம். பொங்கலுக்கு நான் இல்லை, யுகாதிக்கு ஹாசன்காரர் இல்லை, ஓணத்துக்குத் திருச்சூர் பெண் இல்லை, துர்கா பூஜைக்குக் கொல்கத்தாக்காரர் ஒரு வாரமே இல்லை, சத் பூஜைக்கு பாட்னா பையன் ரயிலில். இவருக்கு அவர், அவருக்கு இவர் என்று மாற்றி மாற்றி, கடைசியில் யார் யாருக்கு எத்தனை வாரம் கடன் என்பதற்கே தனியாக ஓர் எக்செல் ஷீட் ஓடுகிறது.

குடவோலை போடலாமே என்றேன். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒரு வருஷம் வாரியத்தில் இருந்தவரை அடுத்த மூன்று வருஷம் கூப்பிடக் கூடாது. இதுவரைக்கும் டீமுக்குப் பரம சந்தோஷம். மேலே படித்தேன். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு இருப்பவர்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். பாதிப் பேர் காலி. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது. மீதிப் பேரும் காலி.

அதனால் இப்போது ஒரு பாட் புரோகிராம். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்லாக்கில் அதுவே ஒரு பெயரை எடுத்துப் போடும். இயந்திரத்துக்கு ஓணமும் தெரியாது, பொங்கலும் தெரியாது, சிபாரிசும் செல்லாது என்று எல்லோரும் கைதட்டினோம். அது பாட்னா பையனையே தொடர்ந்து எடுத்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் ஒரு டிக்கெட் போட்டான்: "பாட் என்னை மட்டுமே எடுக்கிறது." அந்த வாரமும் ட்யூட்டி அவனுக்குத்தான். எனவே டிக்கெட் நேராக அவனிடமே போனது. திறந்து படித்தான், நிஜக் கோளாறு என்று உறுதி செய்தான், பி-ஒன் போட்டான், பாட்டை எழுதியவர் தலையில் கட்டினான்.

பத்தாவது நிமிஷம் பதில் வந்தது: "என் மெஷின்ல எல்லாரையும் எடுக்குதே, ப்ரோ."