ஆண்டாப் ஹில்லின் சுரங்க மேதை

மும்பை ஆண்டாப் ஹில் பையன் ஒருவனின் உழைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். விடிய விடிய மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் நெதர் உலகில் சுரங்கம் தோண்டுகிறான். அதில் 2020இல் வந்த நெதரைட் உலோகம் லேசில் சிக்காது. பழஞ்சிதிலம் 4 உருக்கி, தங்கக் கட்டி 4 சேர்த்தால் ஒரே ஒரு கட்டி.

பாறையைத் தகர்க்கக் கட்டில்தான் வெடிகுண்டு. நெதரில் படுக்கப் போனால் வெடிக்கும். கால் நீட்ட இடமில்லாத அறையில் உட்கார்ந்து, கட்டில் கட்டிலாய் வெடித்துத் தள்ளுகிறான். என்ன தியாகம்!

குழாயடிக்குக் குடம் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்புப் பிடிப்பு.

அப்பாவுக்குத் தாராவி 13ஆம் காம்பவுண்டில் பங்கார் (பழைய சாமான்) வேலை. பழைய ஒயரை உரித்துச் செம்பு எடுப்பவர். ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துக் கணக்குக் கேட்டார்.

“நாலு சிதிலம், நாலு தங்கம், கைக்கு ஒண்ணா? சேட்டு ஒன்ன நல்லா ஏமாத்துதாம்ல.”