ஓஃபர் அண்ணை

திருகோணமலையில் எந்தச் சந்தியில் நின்றும் "ஓஃபர் அண்ணையின் வீடு எது?" என்று கேளுங்கள், கைநீட்டிக் காட்டிவிடுவார்கள். ஆனால் உவர்மலையில் காட்டும் வீடும், பாலையூற்றில் காட்டும் வீடும், உட்துறைமுக வீதியில் காட்டும் வீடும் ஒன்றல்ல. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஒருவர் துறைமுகத்தில் எழுதுவினைஞர், ஒருவர் மாவாலையில் மேற்பார்வையாளர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொழில்தான் வேறு. குணம் ஒரே அச்சில் வார்த்தது.

அவரிடம் ஒரு சாமானின் விலையைக் கேட்டறிய முடியாது. "இந்த ஃபான் எவ்வளவு அண்ணை?" என்றால், "35 வீதம் கழிவு" என்பார். "சரி, நீங்கள் குடுத்தது எவ்வளவு?" "அதைத்தானே தம்பி சொல்லுறன், 35 வீதம்!" கொடுத்த காசு அவர் நினைவில் நிற்பதேயில்லை. கொடுக்காமல் விட்ட காசு மட்டும் சதக்கணக்காக மனப்பாடம்.

60,000 ரூபாய் என்று போட்டிருந்த எயார் ஃபிரையரை 40,000க்குத் தூக்கிவந்த அன்று, செருப்பைக் கழற்றுமுன்னே வாசலில் நின்று அறிவித்தார்: "இண்டைக்கு இருபதாயிரம் உழைச்சிட்டன்." அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. அதில ஐயாயிரத்தை எடுத்துத் தாங்கோ, பிள்ளையின்ர ரியூசன் காசு கட்டவேணும்." அண்ணை பதில் சொல்லவில்லை. பொருளாதாரம் எல்லாருக்கும் விளங்காது என்ற பெருமூச்சோடு பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

பெட்டி என்றதும் மான்கள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஊர் மான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டும் நிற்பவையல்ல. கடற்கரை, பஸ் நிலையம், கடைவாசல் என்று குடும்பத்தோடு உலாவுகிறவை. அண்ணை மதிலுக்கு வெளியே வைக்கும் மட்டைப் பெட்டிகளின் ருசி அவற்றுக்குப் பிடித்துவிட்டது. 55 அங்குல ரீவியின் பெட்டி, மூன்று நாள் ஓடிய உடற்பயிற்சி மெஷினின் பெட்டி, சப்பாத்தி சுடும் யந்திரத்தின் பெட்டி எல்லாவற்றையும் சுவைத்தாயிற்று. அண்ணை வாங்கியவற்றில் முழுப் பயன் கண்டவை அந்த மான்கள்தாம்.

இன நல்லிணக்கத்துக்கு மாநாடு நடத்துகிறவர்கள் முதலில் இவரைத்தான் மேடைக்கு அழைக்கவேண்டும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், வெசாக், தீபாவளி, நத்தார் என்று ஒரு பண்டிகையையும் அவர் வேற்றுமை பாராட்டி ஒதுக்கியதில்லை. எல்லாவற்றுக்கும் கழிவு உண்டு. போதாததற்குச் சீனாவிலிருந்து ஒரு பண்டிகை வந்து சேர்ந்திருக்கிறது: நவம்பர் 11. அங்கே அது கலியாணமாகாதவர்களின் நாள். 2009இல் அலிபாபா அதை விற்பனைத் திருவிழாவாக்கியது. 2018இல் அதே அலிபாபா, எங்கள் நாட்டிலும் இணையக்கடை நடத்தும் தராஸ் நிறுவனத்தை வாங்கியது. கலியாணமாகி வெள்ளிவிழாவும் கண்டுவிட்ட அண்ணை, தனிக்கட்டைகளின் திருநாளைச் சிவராத்திரிபோலக் கண்விழித்து அனுஷ்டிக்கிறார், கையில் போனுடன்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகம் விரிந்து கிடக்கும். உலகின் மிக ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இதற்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அடிபட்டு, 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே பிறிமா மாவாலைக்குக் கோதுமை வரும், சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் வரும், சீனக்குடாத் தாங்கிகளுக்கு எண்ணெய் வரும். ஆனால் அண்ணை ஓடர் போட்ட ஒட்டாத தாச்சி மட்டும் சீனத்தில் ஏறி, கொழும்பில் இறங்கி, ஹபரணை, கந்தளாய் என்று லொறியில் நாடு பார்த்து வரும். "வெள்ளைக்காரன் சண்டை பிடிச்சு எடுத்த துறைமுகம். ஒரு தாச்சியை இறக்க வழியில்லை!" என்று அவர் கவலைப்படுவார். துறைமுகத்தைப் பற்றி இந்த ஊரில் உண்மையாகக் கவலைப்படும் ஒரே ஆள் அவர்தான்.

ஒருமுறை ரொறொன்ரோவிலிருந்து வந்த மச்சான், வோல்மார்ட்டில் வாங்கியது என்று நாலு சேட் கொடுத்தார். அண்ணை வழக்கம்போல முதலில் விலைச்சீட்டைத் தேடினார். கழுத்துப் பட்டியில் இருந்தது வேறு செய்தி: இலங்கையில் தயாரித்தது. கட்டுநாயக்காவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாள்முதல் நாங்கள் தைக்கிறோம், அவர்கள் உடுக்கிறார்கள். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளையொருத்திகூட அந்தப் பொத்தானைத் தைத்திருக்கலாம். "இதைத் தைச்ச பிள்ளைக்கு என்ன கிடைச்சிருக்கும் அண்ணை?" என்று கேட்டேன். சேட்டை மடித்தபடி யோசித்தார். "அங்க இவ்வளவு மலிவா விக்கிறாங்கள் எண்டால், அவளின்ர சம்பளத்திலயும் கழிவு எடுத்திருப்பாங்கள்." வாழ்க்கையில் அவர் சந்தோசப்படாத ஒரே கழிவு அது. அந்தக் கவலை இரண்டு நிமிடம் நீடித்தது.

தவணைக்கு வாங்குவது தவறா என்று கேட்டால், வீட்டு மூலையைக் காட்டுவார். அங்கே அவருடைய ஆச்சியின் சிங்கர் தையல் மெஷின், காலால் மிதிப்பது. நியாயமான சாட்சிதான். தையல் மெஷினை மாதக் கட்டுக்குக் கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் சிங்கர் கம்பனி 1856இல் தொடங்கியது. 1877இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆச்சியும் தவணைக்குத்தான் எடுத்தா. ஆனால் அந்த மெஷின் ஊர்ப் பெண்களின் சட்டைகளைத் தைத்துத் தன் தவணையைத் தானே கட்டியது. பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தது. அண்ணையின் மசாஜ் நாற்காலி இதுவரை ஒரு சதமும் உழைத்ததில்லை. ஆச்சியின் மெஷின்மேல்தான் இப்போது எயார் ஃபிரையர் குந்தியிருக்கிறது.

2022இல் நாடு விழுந்தபோது அண்ணை எழுந்தார். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஆனது. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. நிலையான வைப்பில் பணத்தைப் போட்டு வட்டி எண்ணிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அதிபர்மார் தலையில் கைவைத்தார்கள். பிறிஜ் வாங்கச் சேர்த்த காசு அதன் கதவுக்கும் காணவில்லை. அண்ணையோ முந்திய வருடமே தவணைக்கு எடுத்த பிறிஜ்ஜைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார். மாதக் கட்டு அதே பழைய தொகை. "பாத்தியளோ! சேத்தவன் தோத்தான், கடன்பட்டவன் தப்பினான்." மறுத்துப் பேச ஒருவராலும் முடியவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் கொடுமை. நாடு டொலரில் பட்ட கடன், ரூபாய் விழ விழ ஏறியது. அண்ணை ரூபாயில் பட்ட கடன், ரூபாயோடு சேர்ந்து கரைந்தது. மத்திய வங்கி ஆளுநருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரிந்திருந்ததாக அன்றுமுதல் அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஒரு தடவை விழுந்த அதிர்ஷ்டத்தைத் தத்துவமாக்கினால் என்ன நடக்குமோ அதுதான் பிறகு நடந்தது. வட்டி ஏறியது, மின்சாரக் கட்டணம் ஏறியது, சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. அக்காவின் காப்புகள் வங்கிக்கு அடைவுக்குப் போயின. "வீட்டில நகை வைச்சிருக்கிறது பாதுகாப்பில்லை. அங்க பெட்டகத்தில இருக்கு. அதை வைச்சிருக்கிறதுக்கு அவங்கள் எனக்குக் காசும் தந்தவங்கள்" என்றார். பிணைக் கையெழுத்துக்கு ஆள் கிடைப்பது மட்டும் அருகிவிட்டது. கையில் படிவத்தோடு அவர் டொக்யாட் வீதியில் திரும்பினால், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று பத்திரகாளி அம்மனைக் கும்பிடவேண்டும்போல் இருக்கும்.

2020 மார்ச்சில் மூடிய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபோது, லீசிங் கந்தோருக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். படிவத்தைப் பார்த்த இளைஞன் நெற்றியைத் தடவினான்.

"ஐயா, சம்பளம் ஒரு லட்சத்து இருபதாயிரம். இப்பவே கட்டுற தவணைகள் தொண்ணூறாயிரம், கிறிப் கடன் அறிக்கையில கிடக்கு. ஆனா மாதச் சேமிப்பு எண்ட இடத்தில எண்பத்தைந்தாயிரம் எண்டு எழுதியிருக்கிறியள். எப்பிடி?"

அண்ணை பையிலிருந்து தடித்த கோவையொன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மாதவாரியாகக் குத்திய பில்கள். ஒவ்வொன்றின் அடியிலும், நீங்கள் இவ்வளவு சேமித்தீர்கள் என்று கடைக்காரரே அச்சடித்த வரிக்குச் சிவப்புக் கோடு.

"நான் சொல்லேல்ல தம்பி, கடைக்காரங்களே எழுதித் தந்திருக்கிறாங்கள். கூட்டிப் பாரும்."

இளைஞன் நல்ல பிள்ளை. உண்மையாகவே கல்குலேற்றரை எடுத்துக் கூட்டினான். "ஐயா, தொள்ளாயிரம் ரூபாய் குறையுது."

"ஓ, அது நேற்று வாங்கின இந்தக் கோவை," என்றார் அண்ணை. "ஒண்டு வாங்கினால் ஒண்டு சும்மா."